சத்தம் போடாத வார்டு

தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. கம்பவுண்டரம்மா கதவைத் தள்ளி விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். வார்டில் ஒன்பது கூண்டுகள், கூண்டுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம். ஒன்பது கிண்ணத்திலும் தண்ணீர் விளிம்பைத் தொட்டுத் திரும்பி, வட்டம் வட்டமாக நடுங்கி, அப்போதுதான் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. நாய்களோ முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தன. ஒரு வால் அசையவில்லை, ஒரு காது திரும்பவில்லை.

ஏதாவது லாரி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலை ஏழரை மணிக்கு அந்தத் தெருவில் லாரி வராது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. பினாயில் வாசனை, ஈர முடியின் வாசனை, அதற்கடியில் நாக்கில் இரும்பை வைத்தது போல லேசாக ரத்த வாசனை. இருபத்தேழு வருஷமாகப் பழகிய வாசனைதான். அவள் கார்டுகளை எடுத்துக்கொண்டு முதல் கூண்டைத் திறந்தாள்.

அந்த நாய் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். கம்பவுண்டரம்மா மட்டும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவள் மாதிரி இருந்தாள். அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அது நடமாடவில்லை. அவளுடைய வார்டு பேர் போனது. மற்ற இடங்களில் ஆபரேஷன் முடிந்த நாய்கள் ஊளையிட்டு ஊரைக் கூட்டும். இங்கே எள் விழுந்தால் கேட்கும். நாயைக் கொண்டுவந்து விட்டவர்கள் மறுநாள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மந்திரம் ஏதும் போட்டீங்களா?" என்று மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். அவளும், "ஆமா, காதுல ஓதினேன்" என்பாள்.

மந்திரமெல்லாம் இல்லை. காயத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்துவாள். நாய் கத்தினால் எந்த இடத்தில் வலி என்று தெரிந்துகொள்ள மறுபடி அழுத்துவாள். அப்புறம் வாயைக் கட்டி, கட்டைப் பிரித்து, காயத்தைத் துடைத்து, மருந்தை அடைத்து, புதுக் கட்டுப் போடுவாள். எந்தக் குறையும் சொல்ல முடியாத சுத்தமான வேலை. இரண்டு நாள், போனால் மூன்று நாள். அதற்குள் எப்பேர்ப்பட்ட நாயும் கத்துவதை நிறுத்திவிடும். அவள் கார்டில் 'வலி இல்லை' என்று எழுதிவிடுவாள்.

அன்றைக்கு எட்டுக் கார்டில் அப்படி எழுதினாள். மூன்றாவது கூண்டில் கை நின்றது. அதில் இருந்தது ஒரு பழுப்பு நாய், பின்னங்கால் உடைந்து கம்பி வைத்து நான்கு நாள் ஆகிறது. கம்பி வைத்த கால் நன்றாக இருந்தது. நல்ல முன்னங்காலில் இரண்டு விரலைக் காணோம். கூண்டுத் தரை நக்கித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

சின்ன டாக்டர் வந்து பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், கம்பவுண்டரம்மாவின் மகள் வயதுதான் இருக்கும். கூண்டுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நாயைத் தொடாமல் வெகுநேரம் அதன் முகத்தையே பார்த்தாள்.

"நேத்து இந்தக் கால் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். பொழுது போகாம கடிச்சிருக்கும். இதுக்கு வேற என்ன வேலை, உக்காந்து பேப்பரா படிக்கப் போவுது?"

சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. கார்டுகளை வாங்கிப் புரட்டினாள். "எல்லாத்துலயும் வலி இல்ல, வலி இல்லன்னே இருக்கே. வலி ஊசி எழுதியிருந்தேனே, போடலியா?"

"வலி இருந்தாத்தானே ஊசி?" என்றாள் கம்பவுண்டரம்மா. "அதுவும் இல்லாம, ஊசி போட்டா அதுக்கு வலியே தெரியாது. எழுந்து ஆட்டம் போடும், கம்பி வளையும், தையல் பிரியும். கொஞ்சம் வலி இருந்தாத்தான் அடங்கிக் கிடக்கும். இது அப்ப இங்க இருந்த பெரிய டாக்டர் எனக்குச் சொல்லிக் குடுத்தது. இருபத்தேழு வருஷத்துல என் வார்டுல ஒரு தையல் பிரிஞ்சதில்ல, யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் கார்டுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சாயந்தரம் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி, வார்டின் மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம் சின்ன டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். படத்தில் சத்தம் வராது என்று முதலிலேயே சொன்னாள். வராததே நல்லதாகப் போயிற்று.

கம்பவுண்டரம்மாவுக்கு அது தன் வார்டுதான் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. ஒன்பது கூண்டிலும் ஒன்று கூடச் சும்மா இல்லை. ஒரு நாய் முன்பக்கத்தைத் தரையில் அழுத்தி, இடுப்பைத் தூக்கி, அப்படியே நின்றுகொண்டிருந்தது. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் நின்றது. இன்னொன்று சுற்றிச் சுற்றி வந்து, படுத்து, உடனே எழுந்து, மறுபடி சுற்றி வந்தது. ஒன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது. தூக்கமே இல்லாத கொட்டாவி, ஒன்றன்பின் ஒன்றாக, தாடை கழன்றுவிடும் போல. பழுப்பு நாய் மூளியான காலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கி, உதட்டோரம் காதுவரை இழுபட, உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. கிண்ணங்களில் தண்ணீர் தெறித்தது.

"ராத்திரி பூரா இப்படித்தான்," என்றாள் சின்ன டாக்டர். "இப்ப காலையில ஏழு இருபத்தொன்பது. பாருங்க."

திரையில் எல்லாம் நின்றது. ஒரே நொடியில், யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்தது போல. ஒன்பது நாயும் படுத்தன. தாடையை முன்னங்கால் மேல் வைத்தன. பழுப்பு நாய் மட்டும் அதற்கு முன் அவசர அவசரமாகத் தரையை நான்கு தடவை நக்கியது. அறையில் இன்னும் யாரும் வரவில்லை, கதவும் திறக்கவில்லை. ஓரத்தில் நொடிகள் ஓடின. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே வந்தது அவள்தான்.

"உங்க செருப்புச் சத்தம்," என்றாள் சின்ன டாக்டர். "நடையில வரும்போதே கேட்டுடுது."

கம்பவுண்டரம்மா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். "எதுக்கு? நான் என்ன அடிக்கவா போறேன்? என்னைப் பார்த்தா ஏன் மறைக்கணும்?"

"அடிக்கலம்மா. ஆனா அதுங்க பக்கத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. கத்தினா யாரு வருவா? நீங்க வருவீங்க. வந்து வலிக்கிற இடத்துலயே அழுத்துவீங்க, வாயைக் கட்டுவீங்க. ஆனா ஊசி போட மாட்டீங்க. கத்தாம கிடந்தா விட்டுட்டுப் போயிடுவீங்க. நாய்க்கு இது புரிய எத்தனை நாள் ஆகும்?"

இரண்டு நாள், போனால் மூன்று நாள்.

"கத்துற நாயைப் பத்திக் கவலையே இல்ல," என்று அந்தப் பெண் தணிந்த குரலில், குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "அது உங்களை நம்பிக் கத்துது. சத்தமே இல்லாததைத்தான் பார்க்கணும். கண்ணு இடுங்கியிருக்கா, உதட்டோரம் இறுகியிருக்கா, மூச்சு மேல்மூச்சா இருக்கா, நாம தொடும்போது நம்ம கையை நக்குதா. பாசம்னு நினைப்போம். பாசமில்ல, போதும் விட்டுடுன்னு கெஞ்சுது."

மதியமே ஒன்பது நாய்க்கும் சின்ன டாக்டர் தன் கையால் ஊசி போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கம்பவுண்டரம்மா நடையில் நின்று வார்டுக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தாள். பழுப்பு நாய் பக்கவாட்டில் சரிந்து, நான்கு காலையும் விட்டெறிந்தாற்போல நீட்டி, வயிறு ஏறி இறங்க, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. குறட்டைகூடக் கேட்டது. இருபத்தேழு வருஷத்தில் அவள் தன் வார்டில் இப்படி ஒரு தூக்கத்தைப் பார்த்ததில்லை. அடடா, இது அல்லவா தூக்கம் என்று அவளுக்கே கண் கலங்கிவிட்டது. அருகில் போய்ப் பார்க்கும் ஆசையில் கதவுப் பிடியில் கை வைத்தாள். அவ்வளவுதான். நாயின் கண் திறந்தது. காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது, நிமிர்ந்தது, தாடையை முன்னங்கால் மேல் வைத்தது.

"கொஞ்ச நாள் நீங்க உள்ள வராதீங்கம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்றைக்கு அவள் நான்கரை மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நேற்று முளைத்தவள் தன்னை வெளியே போ என்கிறாளே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அந்த ஆத்திரத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவள் நடந்துகொண்டே காலால் மிதித்து மிதித்து அழுத்திப் பார்த்தாள். அது அடங்குவதாக இல்லை.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் படுத்திருந்தார். இரண்டு வருஷமாகப் படுக்கைதான். பஸ் ஓட்டிய மனிதர். ஹாரன் எதற்கு, உங்க தொண்டை போதாதா என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தார். இடது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆனால் முனகல் போகவில்லை. முதல் சில மாதம் ராப்பகலாக முனகினார். அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். முனகினால் ஓடிவந்து புரட்டிப் போடுவாள். இடுப்பில் வந்த படுக்கைப் புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்ப்பாள். துடைத்து மருந்து அடைப்பாள். டாக்டர் மூன்று வேளைக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் காலையில் பாதி கொடுப்பாள், அதற்கு மேல் கூடாது. கொடுத்தால் மயங்கிக் கிடப்பார், கஞ்சி புரையேறும். கொஞ்ச நாளில் முனகல் நின்றது. இப்போதெல்லாம் அவளைப் பார்த்தாலே சிரிப்பார். வாயின் வலது பாதி மட்டும் ஏறும். பார்க்க அழகாக இருக்கும்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கம்பவுண்டரம்மா வாசலில் அவளை நிறுத்தினாள்.

"நான் இல்லாதப்ப ஐயா எப்படி இருக்கார்?"

"நீங்க இல்லாதப்ப தலையை அப்படி இப்படிப் புரட்டிக்கிட்டே கிடப்பாரும்மா. நீங்க வந்துட்டா அப்படியே அடங்கிடுவார். உங்களைக் கண்டாதான் அவருக்கு நிம்மதி."

இதே பேச்சை இதற்கு முன்பும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கேட்டுப் பூரித்திருக்கிறாள். இன்று அந்தப் பெண் தெருவில் இறங்கிய பிறகும் வாசலிலேயே நின்றாள்.

அறைக்குள் போனாள். டெட்டால் வாசனை, புண்ணின் இனிப்பு வாசனை, வியர்வை. சன்னல் திரை வழியே வந்த சாயந்தர வெளிச்சம் அவர் முகத்தில் பாதியாக விழுந்தது. அவர் சிரித்தார். அவள் சிரிப்பைப் பார்க்கவில்லை, மற்றதைப் பார்த்தாள். கண் இடுங்கியிருந்தது. உதட்டோரம் இறுகியிருந்தது. மேல்மூச்சு. நேற்றுவரை இதெல்லாம் எங்கே இருந்தது? தலையணையின் ஓரம் ஈரமாக இருந்தது. உறையில் பல் பல்லாகக் கிழிசல். எலி என்று நினைத்துப் போன வாரம்தான் தைத்திருந்தாள்.

"கடைக்குப் போயிட்டு வரேங்க," என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "அரை மணி நேரத்துல வந்துடுவேன்."

அவர் கட்டிலுக்கு எதிரில் கண்ணாடி வைத்த பீரோ. அதன் மேல் துணி மடிப்புக்கு நடுவே தன் போனைச் சாய்த்து வைத்தாள். படம் ஓடுவதற்கான சிவப்புப் புள்ளி தெரியாதபடி துணியை இழுத்துவிட்டாள். செருப்பைச் சத்தம் கேட்க மாட்டிக்கொண்டு, கேட்டைச் சத்தம் கேட்கச் சாத்திவிட்டு, தெருமுனைவரை போய், எதையும் வாங்காமல் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வந்ததும் வழக்கம் போல, "என்னங்க, நல்லா தூங்கினீங்களா?" என்றாள். அவர் சிரித்தார். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

படத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அவர் சிரித்தபடியே கிடந்தார். கேட் சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். ஒரு நிமிஷம் முழுக்கக் காத்திருந்தார்.

அப்புறம் வாயைத் திறந்தார். மனித வாய் அவ்வளவு திறக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கழுத்து நரம்பு கயிறு கயிறாக எழுந்தது, முகம் கறுத்தது, தலை தலையணையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டது. சத்தம் இல்லை. போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது, கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. யாரும் இல்லாத வீட்டில், கேட்க ஆளே இல்லாத வீட்டில், அவர் சத்தத்தை விழுங்கி விழுங்கி அலறிக்கொண்டிருந்தார். வலது கையால் தலையணையை இழுத்து வாயில் திணித்துக்கொண்டார். கடித்தார். விட்டார். கடித்தார்.

இருபத்தேழு நிமிஷம். அவள் ஒரு நொடிகூட விடாமல் பார்த்தாள்.

கேட் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். படத்தில் அவர் வாயை மூடினார். போர்வை நுனியால் கண்ணைத் துடைத்தார், வாயைத் துடைத்தார். தலையணையைத் திருப்பி, கடித்த பக்கத்தை அடியில் வைத்தார். தலையை நடுவில் சரியாகக் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் வலது கையின் இரண்டு விரலால் வாயின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கி, சிரிப்பை அதன் இடத்தில் வைத்தார். 'என்னங்க, நல்லா தூங்கினீங்களா?' என்றது படத்தில் ஒரு பெண் குரல். எவ்வளவு அன்பான குரல்.

அவள் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். ஒரு முழு மாத்திரையை எடுத்து இடது உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அறைக்கு ஓடினாள்.

"எங்க வலிக்குது? சொல்லுங்க."

தலையை ஆட்டினார். இல்லை.

"எனக்குத் தெரியும். நான் பார்த்துட்டேன். இதோ பாருங்க, முழு மாத்திரை. உங்களுக்குத்தான். எங்க வலிக்குதுன்னு மட்டும் காட்டுங்க."

இல்லை. சிரிப்பு.

அந்த நேரத்தில் அவள் மாத்திரையைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் முடிந்தது. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவர் தன்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தப் படம் பொய் ஆகும். போர்வையை விலக்கி, புண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்தாள். அழுத்தினாள்.

சிரிப்பு.

இன்னும் அழுத்தினாள். மேலுதட்டில் வியர்வை பூத்தது. கண்மணி கறுத்து விரிந்தது. சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"கத்துங்களேன்! என்ன மனுஷன் நீங்க? நான் உங்க பொண்டாட்டிங்க! கத்தித் தொலைங்களேன்!"

விரல் உள்ளே போனது. சூடாக இருந்தது. அவர் வலது கையை மெதுவாகத் தூக்கி, அவள் கையின் மேல் வைத்து, தட்டிக் கொடுத்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பது போல.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆறரை மணி. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் தினமும் கூப்பிடும் நேரம். கம்பவுண்டரம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள். மகளின் முகம் வந்தது, நன்றாக வெளுத்திருந்தது. பித்தப்பையில் கல் என்று வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது.

"எப்படிடி இருக்கே? வலி இருக்கா?"

"சேச்சே, வலியே இல்லம்மா." மகள் சிரித்தாள். "அப்பா எப்படி இருக்கார்? அம்மா, ஒண்ணு சொல்லணும். இங்க ஆஸ்பத்திரியில வலிக்குன்னே தனியா ஒரு வார்டு இருக்கு. அப்பாவுக்கு வலி இருக்குமோன்னு உனக்குச் சின்னதா சந்தேகம் வந்தாக்கூட சொல்லு. நாளைக்கே வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வந்துடறேன்."

கம்பவுண்டரம்மா கட்டிலைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் வேண்டாம், படத்தை அனுப்பினால் போதும். மகள் பார்ப்பாள், அப்பாவின் வாயைப் பார்ப்பாள். பிறகு கேட் சத்தம் கேட்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்ப்பாள், சிரிப்பை எடுத்து வைப்பதைப் பார்ப்பாள், உள்ளே வருவது யார் என்றும் பார்ப்பாள்.

"லைன் சரியில்லடி," என்றாள். "வச்சுட்டுத் திரும்பக் கூப்பிடு."

படத்தை அழித்தாள். அழிக்கவா என்று போன் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று தொட்டாள். மறுபடி மணி அடித்ததும் எடுத்தாள்; அவர் சாப்பிடும் குட்டி மேசையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, போனை அவர் முகம் தெரியும்படி அதன் மேல் நிறுத்தினாள். "நீயே பாரேன். அப்பாவுக்கு என்ன குறை?"

"அப்பா, வலிக்குதாப்பா?"

அவர் தலையை ஆட்டினார். சிரித்தார்.

"எவ்வளவு அமைதியா இருக்கார்! உன் கைராசிம்மா. சரி, அப்ப இங்கேயே இருக்கட்டும்," என்றாள் மகள்.

"பின்னே? உங்கப்பாவுக்கு என்னை விட்டா யாரு? நீ மட்டும் என்ன, ஏழு வயசுல கை ஒடிஞ்சு ரெண்டு நாள் வாயைத் திறக்காம பள்ளிக்கூடம் போனவதானே. என் வளர்ப்பு அப்படி," என்றாள் கம்பவுண்டரம்மா. பழைய பெருமை. சொல்லும்போதே வாயில் ஏதோ கசந்தது. "இருங்க, மாத்திரைக்குத் தண்ணி கொண்டு வரேன்."

அறைக் கதவு கட்டிலின் தலைமாட்டுப் பக்கம். அவள் வெளியே வந்து நடையின் இருட்டில் நான்கடி நடந்தாள். செருப்பு போட்டிருக்கவில்லை. உள்ளங்கை பிசுபிசுத்தது, விரித்துப் பார்த்தாள். மாத்திரை வியர்வையில் கரைந்து வெள்ளைச் சாந்தாகி ரேகைகளில் ஓடியிருந்தது. வேறொன்று எடுக்க வேண்டும். டப்பாவை அறையிலேயே விட்டேனோ என்று பார்க்கத்தான் திரும்பினாள்.

நின்றாள்.

அறைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் இல்லை. மகள் இன்னும் போனை வைக்கவில்லை. அப்பாவிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாளே. ஏன் பேசவில்லை?

கம்பவுண்டரம்மா விரல்நுனியில் நடந்து, கதவுக்கு வெளியே இருட்டிலேயே நின்றாள். பீரோக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. படத்தில் பார்த்த அதே அளவுக்கு. அவர் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில், குட்டி மேசையில், வெளிச்சத்தில் மிதந்த சின்னச் சதுரத்தை.

திரையில் மகள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடங்கியிருந்தாள். கண் இடுங்கி, உதடு காதுவரை இழுபட்டு, முகமே வேறு முகமாகியிருந்தது. வாய் திறந்திருந்தது. அதிலும் சத்தம் இல்லை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒரே மாதிரி, ஒரே அளவுக்கு, வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். இது புதிதல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் ஆறரை மணி. தினமும் அவள் ஏதாவது எடுக்க உள்ளே போகும் நேரம்.

ஓடிப்போய் இரண்டு பேரையும் அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அம்மா இருக்கேன்டா என்று சொல்ல வேண்டும்.

ஒரு அடி எடுத்து வைத்தாள். வியர்த்த பாதம் தரையிலிருந்து பிரியும் சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

இரண்டு வாயும் மூடின.

அவர் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்தார். திரையில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். அவர் தலையை நடுவில் வைத்தார். கண்ணாடியில் ஒரு முகம், திரையில் ஒரு முகம். அசையவில்லை. இமைக்கவில்லை. வாசலைப் பார்த்துச் சிரித்தபடி, இரண்டு பேரும் அவள் உள்ளே வருவதற்காகக் காத்திருந்தார்கள்.